மழையில் கேரவன் வேன் நடுவழியில் நின்றால்: வேலூர் வட்டாரத்தில் செய்ய வேண்டியவை, செய்யக் கூடாதவை

சென்ற ஆண்டு கார்த்திகை மாதத்தில் ஏலகிரியிலிருந்து காட்பாடிக்குத் திரும்பும் வழியில், மாதனூரை அடுத்த சர்வீஸ் ரோட்டில் தேங்கிநின்ற மழைநீரில் எங்கள் வேன் நின்றுபோனது. படுக்கை, சிறு அடுக்களை, இன்வெர்ட்டர் ஆகியவற்றுடன் முறைப்படி மாற்றியமைத்த டீசல் வேன் அது. உள்ளே என் மனைவி, இரண்டு பிள்ளைகள், எழுபது வயதைக் கடந்த மாமியார், ஓட்டி வந்த மைத்துனர், நான் என ஆறு பேர் இருந்தோம். மாலை 6.40க்கு நின்ற வண்டியை ஏற்றிச்செல்ல இரவு 11.20க்குத்தான் ரெக்கவரி வண்டி வந்தது. பட்டறையிலிருந்து வேன் வெளியே வர 41 நாட்கள் ஆயின. மொத்தச் செலவு 1,86,000 ரூபாய். அதில் இன்சூரன்ஸ் நிறுவனத்திடமிருந்து எங்களுக்குக் கிடைத்தது 19,500 ரூபாய்.

இந்தத் தொகையில் பெரும்பகுதியை நாங்கள் இழந்தது, வண்டி நின்ற முதல் அரைமணி நேரத்தில் செய்த இரண்டு தவறுகளால்தான். அவற்றை யாரும் எங்களுக்கு முன்பே சொல்லியிருக்கவில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்கள் வழியாகக் குடும்பத்துடன் இத்தகைய வண்டியில் முதன்முறையாகப் புறப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. புறப்படும் முன்: காகிதங்கள்

ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றை டிஜிலாக்கரிலோ எம்பரிவாகன் செயலியிலோ வைத்திருந்தால் சாலைச் சோதனைக்குப் போதும். ஆனால் மழையில் நனைந்த கைபேசி எந்த நேரமும் அணைந்துபோகலாம் என்பதால், எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்து பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொள்ளுங்கள். வாடகை வண்டியாக இருந்தால் எஃப்.சி. (தகுதிச் சான்று), பெர்மிட் நகல்களும் தேவை. வேலூரிலிருந்து சித்தூர் எல்லை ஒரு மணி நேரத்துக்கும் குறைவான தூரத்தில் இருப்பதால், அந்தப் பெர்மிட் ஆந்திரத்துக்குள்ளும் செல்லுமா என்பதைப் புறப்படும் முன்பே உரிமையாளரிடம் கேட்டுவிடுங்கள்.

இதைவிட முக்கியமானது ஆர்.சி.யில் என்ன எழுதியிருக்கிறது என்பது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, பதிவில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கு ஆர்.டி.ஓ.வின் ஒப்புதல் வேண்டும். அந்த மாற்றம் ஆர்.சி.யிலும் ஏற வேண்டும். பயணிகள் வேனாகப் பதிவான வண்டியில் இருக்கைகளைக் கழற்றிவிட்டுக் கட்டில் போட்டு ஓட்டுகிறவர்கள் பலர் உண்டு. வண்டி ஓடிக்கொண்டிருக்கும் வரை அதனால் தொல்லை வராமல் இருக்கலாம், ஆனால் இழப்பீடு கேட்கும் நாளில், சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் நிறுவனம் அனுப்பும் சர்வேயர் முதலில் பார்ப்பது அதைத்தான். எங்கள் வேனில் மாற்றம் பதிவாகியிருந்ததால் அந்த ஒரு சிக்கல் மட்டும் எங்களுக்கு வரவில்லை.

பாலிசியில் மூன்றைத் தேடிப் பாருங்கள். முதலாவது, அது மூன்றாம் நபர் பாலிசி மட்டுமா, சொந்தச் சேதத்தையும் சேர்த்ததா என்பது. மூன்றாம் நபர் பாலிசியில் வெள்ளச் சேதத்துக்கு ஒரு ரூபாயும் கிடைக்காது. இரண்டாவது, எஞ்சினுக்குள் தண்ணீர் புகுவதால் வரும் சேதத்துக்கான எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவு. வண்டியின் வயது கூடினால் சில நிறுவனங்கள் அதைத் தருவதில்லை என்பதால் புதுப்பிக்கும்போதே கேட்க வேண்டும். மூன்றாவது, சாலையோர உதவி என்ற பிரிவு. அதில் எத்தனை கிலோமீட்டர் வரை இலவசமாக இழுத்துச்செல்வார்கள், உங்கள் வண்டியின் எடைக்கு அது பொருந்துமா என்பவற்றைப் படித்துக்கொள்ளுங்கள். எங்கள் பாலிசியில் சாலையோர உதவி இருந்தது, எஞ்சின் பாதுகாப்பு இல்லை. வண்டி தயாரிப்பாளர் பொருத்தாத இன்வெர்ட்டர், குளிர்பெட்டி போன்ற பொருட்களின் மதிப்பைத் தனியாக எழுதிக் கூடுதல் பிரீமியம் கட்டியிருந்தால்தான் அவற்றுக்கும் இழப்பீடு உண்டு.

2. புறப்படும் முன்: வானிலையும் வழியும்

சென்னை வானிலை ஆய்வு மையம் மாவட்ட வாரியாக எச்சரிக்கை வெளியிடுகிறது. ஒரு நாளில் 7 முதல் 11 செ.மீ. வரை பெய்தால் அது கனமழை, 12 முதல் 20 செ.மீ. வரை மிகக் கனமழை, அதற்கும் மேல் அதிகனமழை. உங்கள் வழியில் உள்ள மாவட்டத்துக்கு ஆரஞ்சு எச்சரிக்கை வந்துவிட்டால் கேரவன் பயணத்தை இரண்டு நாள் தள்ளிவைப்பதே சரி என்பது என் தீர்மானமான கருத்து. காரை ஓரங்கட்டும் இடத்தில் இவ்வளவு உயரமும் எடையும் கொண்ட வண்டியை ஓரங்கட்ட முடிவதில்லை.

வழியைப் பொறுத்தவரை மூன்று இடங்களைத் தவிர்த்துவிடுங்கள். ஒன்று, பாலாறு, பொன்னையாறு, கவுண்டன்ய ஆறு ஆகியவற்றைக் கடக்கும் தரைப்பாலங்கள். மோர்தானா அணை நிரம்பி வழியும் நாட்களில் குடியாத்தம் பக்கத்தில் மழையே இல்லாவிட்டாலும் ஆற்றில் தண்ணீர் வரும். இரண்டு, ரயில் பாதைக்கு அடியில் செல்லும் சுரங்கப்பாதைகள். தண்ணீர் தேங்குவதோடு உயரக் கட்டுப்பாடும் இருக்கும். மூன்று, இருட்டிய பிறகு மலைச்சாலை. ஏலகிரிக்குப் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் முதல் அல்லது இரண்டாம் கியரிலேயே இறங்க வேண்டும். நனைந்த சாலையில் பிரேக் சூடேறிப் பிடிமானம் குறைந்தால் நிறுத்துவதற்கு அங்கே இடம் கிடையாது.

3. வண்டி நின்ற முதல் பத்து நிமிடம்

முதலில் ஆட்கள், பிறகுதான் வண்டி. நான்கு இண்டிகேட்டர்களையும் எரியவிட்டு, வண்டி உருளும் நிலையில் இருந்தால் இடது ஓரத்துக்குக் கொண்டுபோங்கள். நெடுஞ்சாலையில் பின்னால் வரும் லாரிக்காரருக்கு மழையில் உங்கள் விளக்கு தெரிவது மிகத் தாமதமாகத்தான். சிவப்பு எதிரொளிப்பு முக்கோணத்தை வண்டிக்குப் பின்னால் குறைந்தது நூறு தப்படி நடந்துபோய் வையுங்கள். அதைக் கையில் விரித்துப் பிடித்தபடி சாலையின் வெளி ஓரமாக நடக்க வேண்டும். காற்றில் அது பறந்துவிடும் என்பதால் அதன் கால் மீது ஒரு கல்லை வைத்துவிடுங்கள்.

பிறகு குடும்பத்தினரை இடப்பக்கக் கதவு வழியாக இறக்கித் தடுப்புக் கம்பிக்கு அப்பால் நிறுத்துங்கள். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் இறங்குவதற்கு முன் ஒரு கம்பை ஊன்றி ஆழம் பார்க்க வேண்டும், ஏனெனில் சர்வீஸ் ரோட்டு ஓரம் திறந்த வடிகால் இருக்கும். நின்ற இடம் மாநிலச் சாலையாக இருந்து ஓரத்தில் பழைய புளியமரங்கள் இருந்தால் அவற்றின் கீழ் நிற்காதீர்கள். புயல் காற்றில் அவை முறிந்து விழக்கூடும். அறுந்து கிடக்கும் மின்கம்பிக்கு அருகில் தேங்கிய நீரில் காலையே வைக்கக் கூடாது.

வண்டிக்குள் தண்ணீர் ஏறத் தொடங்கினால் இன்வெர்ட்டரையும் வீட்டுப் பகுதிக்கான பேட்டரியையும் துண்டித்துவிட்டு, எரிவாயு வால்வை மூடுங்கள். உங்கள் கால் நனைந்திருக்கும் நிலையில் இன்வெர்ட்டரைத் தொடாதீர்கள்; துண்டிக்கும் சுவிட்சை இருக்கைக்கு மேலே கைக்கு எட்டும் உயரத்தில் முன்கூட்டியே வைத்துக்கொள்வது இதற்காகத்தான்.

4. தண்ணீரில் ஆஃப் ஆன வண்டியில் செல்ஃப் அடிக்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வண்டி தண்ணீரில் ஆஃப் ஆனதும் மைத்துனர் பதற்றத்தில் இருமுறை சாவியைத் திருகிவிட்டார். முதல் முறை எஞ்சின் கனமாகச் சுற்ற முயன்று நின்றது. இரண்டாம் முறை உள்ளே ஒரு தட்டல் ஓசை கேட்டது. மறுநாள் பட்டறைக்காரர் வண்டியைச் சுற்றிப் பார்ப்பதற்கு முன்பே கேட்ட முதல் கேள்வி, "எத்தன தடவ செல்ஃப் அடிச்சீங்க சார்?" என்பதுதான்.

காரணம் எளியது. எஞ்சின் காற்றை உறிஞ்சி, சிலிண்டருக்குள் அழுத்தி, அந்தச் சூட்டில் டீசலை எரிக்கிறது. காற்று அழுந்தும், தண்ணீர் அழுந்தாது. காற்று வரும் குழாய் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் புகுந்திருக்கும்போது செல்ஃப் மோட்டார் பிஸ்டனை மேலே தள்ளினால், எங்கும் போக வழியில்லாத அந்தத் தண்ணீர், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடை வளைத்துவிடும். டீசல் எஞ்சினில் அழுத்தம் அதிகம் என்பதால் சேதமும் அதிகம். தண்ணீர் புகுந்த எஞ்சினைச் சுழற்றாமல் விட்டிருந்தால், இன்ஜெக்டரைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயிலும் ஃபில்டரும் மாற்றிச் சில ஆயிரம் ரூபாயில் முடிந்திருக்கக் கூடிய வேலை, எங்களுக்கு எஞ்சினை முழுதாகப் பிரிக்கும் வேலையாகி 1,42,000 ரூபாயில் வந்து நின்றது.

எனவே வண்டி எதனால் நின்றது என்பதை இந்த வரிசையில் பாருங்கள்.

தண்ணீரில் ஓடும்போது நின்றதென்றால் சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். உள்ளே உள்ள தாள் ஃபில்டர் நனைந்திருந்தால் எஞ்சினுக்குள்ளும் தண்ணீர் போயிருக்கிறது என்றே கொள்ள வேண்டும். ஆயில் அளவுகோலை உருவிப் பாருங்கள். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் அதிலும் தண்ணீர் கலந்துவிட்டது. இரண்டில் எது இருந்தாலும் அந்த வண்டி இழுத்துச்செல்லப்பட வேண்டிய வண்டி. தண்ணீர் வற்றிவிட்டது, வெயில் வந்துவிட்டது என்பதற்காக மறுநாள் காலையிலும் ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். தள்ளி ஸ்டார்ட் செய்வதும் அதே கேட்டைத்தான் விளைவிக்கும், ஆகவே உதவிக்கு வரும் ஊர்க்காரர்கள் அன்போடு தள்ளிவிட முன்வந்தாலும் கியரை நியூட்ரலில் வைத்து ஓரங்கட்ட மட்டும் தள்ளச் சொல்லுங்கள்.

தண்ணீருக்கு வெளியே, மழையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே இழுவை குறைந்து விக்கி விக்கி நின்றதென்றால் டீசலில் தண்ணீர் கலந்திருக்கலாம். டீசல் ஃபில்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பாருங்கள். கீழே தனியாகத் தண்ணீர் தேங்கினால் அது போகும் வரை வடித்துவிட்டு, கைப்பம்பால் காற்றை வெளியேற்றிய பிறகு ஸ்டார்ட் செய்யலாம். விளக்கு மங்கி, வைப்பர் மெதுவாகி, பிறகு நின்றதென்றால் ஃபேன் பெல்ட்டோ, பேட்டரிக்கு மின்னூட்டும் ஆல்டர்னேட்டரோ காரணமாக இருக்கும். அறுந்த பெல்ட்டுக்கு மாற்று உங்களிடம் இருந்தால் அரைமணி நேர வேலை. இல்லையென்றால் இரவில் அந்த அளவு பெல்ட்டைத் தேடி அலைய வேண்டியிருக்கும். ஒரு பெல்ட், ஒரு டீசல் ஃபில்டர், சில ஃபியூஸ்கள், நல்ல நிலையில் ஸ்டெப்னி, வண்டியின் எடையைத் தாங்கும் ஜாக்கி, மண்ணில் ஜாக்கி இறங்காமலிருக்க ஒரு தடித்த பலகை ஆகியவற்றை எப்போதும் வைத்திருங்கள்.

தண்ணீரைக் கடந்து வண்டி நிற்காமல் வந்துவிட்டாலும் பிரேக் நனைந்திருக்கும். மெதுவாக ஓட்டியபடி பிரேக்கை லேசாக மிதித்து மிதித்துக் காயவைத்த பிறகே வேகமெடுக்க வேண்டும்.

5. நகர்த்தும் முன் படம் எடுங்கள்

இது நாங்கள் செய்த இரண்டாவது தவறு. மழையில் கைபேசியை வெளியே எடுக்கத் தயங்கி, வண்டி நீரில் நின்ற நிலையில் ஒரு படம்கூட எடுக்கவில்லை. சர்வேயர் வந்தபோது வண்டி பட்டறையில் காய்ந்து நின்றது. தண்ணீர் எந்த உயரம் வரை இருந்தது என்பதற்கு எங்கள் வாய்மொழியைத் தவிர வேறு சான்று இல்லை.

நான்கு பக்கத்திலிருந்தும் எண் பலகை தெரியும்படி படங்கள், சக்கரத்தில் நீர்மட்டம் தெரியும் ஒரு படம், வண்டிக்குள் தரை, ஓடிய தூரம் காட்டும் மீட்டர், அருகிலுள்ள கிலோமீட்டர் கல், இருப்பிடம் இயக்கப்பட்ட நிலையில் ஒரு நிமிட வீடியோ ஆகியவை போதும். பிறகு அந்த இடத்திலிருந்தே இன்சூரன்ஸ் நிறுவனத்தின் இலவச எண்ணுக்கு அழைத்துச் சொல்லிவிட்டு, அவர்கள் தரும் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். "நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்" என்று விடுவது தாமதம் என்ற காரணத்தை அவர்கள் கையில் நாமே கொடுப்பதாகும்.

6. யாரை அழைப்பது

தேசிய நெடுஞ்சாலையில் நின்றால் 1033. இது தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் இலவச உதவி எண். சென்னை–பெங்களூரு சாலையான 48ஆம் எண் நெடுஞ்சாலையில் சென்னசமுத்திரம், பள்ளிகொண்டா, வாணியம்பாடி ஆகிய சுங்கச்சாவடிகள் இருப்பதால், எந்தச் சாவடியைக் கடந்து எத்தனை நிமிடம் ஆயிற்று, சென்னை நோக்கிய பக்கமா பெங்களூரு நோக்கிய பக்கமா என்று சொன்னால் அவர்கள் இடத்தை விரைவில் பிடித்துவிடுவார்கள். ஃபாஸ்டேக் குறுஞ்செய்தியில் கடந்த நேரம் இருக்கும். ரோந்து வண்டியும் கிரேனும் வந்து சாலையை மறிக்கும் வண்டியை அருகிலுள்ள பாதுகாப்பான இடத்துக்கு அப்புறப்படுத்துவார்கள். அவர்கள் பொறுப்பு சாலையைத் திறந்து வைப்பதே. பட்டறை வரை இழுத்துச்செல்வது உங்கள் செலவு. இந்த வேறுபாடு தெரியாமல் நாங்கள் ஒரு மணி நேரத்தை வீணாக்கினோம்.

ஏலகிரி மலைச்சாலை, அமிர்தி போகும் சாலை போன்றவற்றுக்கு 1033 பயன்படாது. அங்கே காவல் துறைக்கும் பொது அவசரத்துக்கும் 112, ஆம்புலன்ஸுக்கு 108. வெள்ளம் சூழ்ந்து வெளியேற முடியாத நிலையில் மாவட்ட ஆட்சியர் அலுவலகக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. கைபேசியிலிருந்து அழைக்கும்போது அந்த மாவட்டத் தலைநகரின் எஸ்.டி.டி. குறியீட்டை முன்னால் சேர்க்க வேண்டும், வேலூருக்கு அது 0416. வெளியூர்க்காரர்கள் தடுமாறும் இடம் மாவட்ட எல்லை. மாதனூர், ஆம்பூர், வாணியம்பாடி ஆகியவை திருப்பத்தூர் மாவட்டம். பள்ளிகொண்டா, குடியாத்தம், காட்பாடி ஆகியவை வேலூர் மாவட்டம். ஆற்காடு, வாலாஜா ஆகியவை ராணிப்பேட்டை மாவட்டம். மூன்றும் ஒரே மாவட்டமாக இருந்த பழைய நினைவில் எல்லாவற்றையும் வேலூர் என்று சொன்னால் அழைப்பு ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருக்கும்.

7. ரெக்கவரி வண்டியைப் பேசி முடித்தல்

அழைத்த உடனே வண்டியின் நீளம், உயரம், ஏறத்தாழ எடை, முன்சக்கர இழுவையா பின்சக்கர இழுவையா என்ற நான்கையும் சொல்லிவிடுங்கள். எங்களுக்கு முதலில் வந்தது கார் ஏற்றும் சிறிய வண்டி. எங்கள் வேனைப் பார்த்துவிட்டு அவர் திரும்பிப் போனார். வந்துபோனதற்கு 1,200 ரூபாய் கொடுத்தோம். தண்ணீர்த் தொட்டி நிறைந்திருந்தால் எடை கூடும், எனவே இழுக்கும் முன் அதை வடித்துவிடுங்கள்.

வாடகையில் நான்கு கூறுகள் உண்டு: புறப்பாட்டுத் தொகை, கிலோமீட்டர் கட்டணம், காத்திருப்புக் கட்டணம், இரவுக் கட்டணம். கிலோமீட்டர் என்பது அவர் கடையிலிருந்து தொடங்குகிறதா உங்கள் வண்டியிலிருந்து தொடங்குகிறதா, திரும்பிப்போகும் தூரமும் சேருமா, சுங்கக் கட்டணம் யாருடையது என்பவற்றைக் கேட்டு, மொத்தத் தொகையை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். எங்களிடம் தொலைபேசியில் 4,500 ரூபாய் சொன்னவர் வேலூர் வந்து இறக்கும்போது 7,000 கேட்டார். மழை இரவில் பிள்ளைகளுடன் நின்றுகொண்டு வாதிட முடியவில்லை, கொடுத்துவிட்டோம். பில் கேட்டு வாங்குங்கள். சாதாரண தனியார் கார் பாலிசியில் விபத்துக்குப் பின் இழுத்துச்செல்லும் செலவுக்கு 1,500 ரூபாய் வரைதான் கிடைக்கும், ஆனால் அந்த 1,500க்கும் பில் வேண்டும்.

பின்சக்கர இழுவை வேனின் முன்பக்கத்தைத் தூக்கி நெடுந்தூரம் இழுக்கும்போது பின்சக்கரங்கள் சுழன்று, எஞ்சின் ஓடாத நிலையில் கியர் பெட்டியின் ஒரு பகுதியும் எண்ணெய் ஏறாமல் சுழலும். கியர் பெட்டியிலிருந்து பின்சக்கரங்களுக்குச் செல்லும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டு இழுக்கச் சொல்லுங்கள், அல்லது முழு வண்டியையும் மேடையில் ஏற்றும் லாரியைக் கேளுங்கள். கயிறு கட்டி டிராக்டரால் இழுப்பதைச் சேற்றிலிருந்து வெளியே எடுப்பதற்கு மட்டும் ஏற்றுக்கொள்ளலாம். எஞ்சின் ஓடாதபோது பவர் ஸ்டியரிங்கும் பிரேக் உதவியும் வேலை செய்யாது என்பதால் சாலையில் அது ஆபத்து.

இழுத்துச்செல்லப்படும் வண்டிக்குள் யாரும் உட்காரக் கூடாது. குடும்பத்தினருக்கு வேறு வண்டி ஏற்பாடு செய்யுங்கள்.

8. அன்றிரவு

வண்டியிலேயே படுக்கை இருக்கிறதே என்று அங்கேயே தங்க எண்ணாதீர்கள். குறிப்பாக, ஏ.சி.க்காகவோ கைபேசிக்கு மின்னூட்டவோ, நிற்கும் வண்டியின் எஞ்சினை ஓடவிட்டு, மழைக்காகக் கதவு ஜன்னல்களை மூடிக்கொண்டு உறங்குவது உயிருக்கே ஆபத்து. புகைக்குழாய் நீரிலோ சேற்றிலோ புதைந்திருந்தால் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு உள்ளே வந்துவிடும். மூடிய வண்டிக்குள் அடுப்பு எரிப்பதும் அப்படியே. வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள விடுதிகள் வெளிமாநில நோயாளிகளின் குடும்பங்களால் பெரும்பாலும் நிறைந்திருக்கும். நேரே அங்கே போய் இரவில் அலைவதைவிட, புதிய பேருந்து நிலையம், சத்துவாச்சாரி, காட்பாடி பக்கங்களில் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போவது நல்லது. ஆதார் அட்டைகள் எல்லோரிடமும் இருக்கட்டும்.

9. பட்டறையில்

வண்டியை ஒப்படைக்கும்போது ஜாப் கார்டில் மூன்றை எழுதச் சொல்லுங்கள்: ஓடிய தூரம், டீசல் அளவு, வண்டிக்குள் உள்ள பொருட்களின் பட்டியல். அதோடு "சர்வேயர் பார்க்கும் வரை எஞ்சினைப் பிரிக்கக் கூடாது" என்ற வரியையும் உங்கள் கையெழுத்தோடு சேருங்கள். நல்ல எண்ணத்தில் வேலையை உடனே தொடங்கிவிடுகிற மெக்கானிக்கால் இழப்பீட்டை இழந்தவர்கள் உண்டு. ஆனால் வீட்டுப் பகுதியின் மெத்தை, விரிப்பு ஆகியவற்றைப் படமெடுத்த பிறகு அன்றே வெளியே எடுத்துக் காயவைக்கச் சொல்லுங்கள், காத்திருந்தால் பூஞ்சை பிடித்துவிடும்.

காலக்கணக்கில் ஏமாறாதீர்கள். பெருமழைக்குப் பிறகு எல்லாப் பட்டறைகளிலும் நீரில் நின்ற வண்டிகள் வரிசையில் நிற்கும். எஞ்சின் வேலை லேத் கடைக்கும் டீசல் பம்ப் வேலை செய்பவரிடமும் தனித்தனியாகப் போய்வர வேண்டும். ஐப்பசியில் தீபாவளி வந்தால் லேத் கடைகள் தொடர்ந்து சில நாட்கள் மூடியிருக்கும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கங்களில் வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் பல கடைகள் மூடியிருக்கும் என்பதால் அன்று காலையிலேயே போய்விடுங்கள். பத்து நாள் என்று பட்டறையில் சொன்னால் மனத்துக்குள் முப்பது நாள் என்று வைத்துக்கொண்டு, விடுப்பையும் செலவையும் திட்டமிடுங்கள்.

மாற்றிய பழைய பாகங்களை வெளியே விடாதீர்கள், சர்வேயர் அவற்றையும் கேட்பார். பில் ஜி.எஸ்.டி. எண்ணுடன், பாகங்களும் கூலியும் தனித்தனியாக இருக்க வேண்டும்.

10. இழப்பீட்டுக் கணக்கு

வெள்ளம், புயல், நிலச்சரிவு ஆகியவற்றால் வரும் சேதம் சொந்தச் சேதப் பாலிசியில் அடங்கும். ஆனால் இயந்திரக் கோளாறும் மின்கோளாறும் அடங்கா. பெல்ட் அறுந்தது, கிளட்ச் கருகியது போன்றவற்றுக்கு இழப்பீடு கேட்டு நேரத்தைச் செலவிடாதீர்கள். நீரில் நின்ற பின் ஸ்டார்ட் செய்ததால் உடைந்த எஞ்சினை, வெள்ளத்தின் நேரடிச் சேதமல்ல, பின்விளைவு என்று சொல்லி மறுப்பார்கள். எங்கள் 1,42,000 ரூபாய் மறுக்கப்பட்டது இந்தக் காரணத்தால்தான்.

மீதமிருந்த 44,000 ரூபாயிலும் தேய்மானம் கழிந்தது. ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்களுக்கும் டயருக்கும் பேட்டரிக்கும் 50 சதவீதம் கழிப்பார்கள்; ஃபைபர் பாகங்களுக்கு 30 சதவீதம்; கண்ணாடிக்குக் கழிவில்லை. உலோகப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்துக் கூடும்: ஐந்து முதல் பத்து ஆண்டு வண்டிக்கு 40 சதவீதம், பத்தைத் தாண்டினால் 50 சதவீதம். இதற்கும் மேல் கட்டாயப் பிடித்தமாக, 1,500 சி.சி.க்கு மேற்பட்ட தனியார் வண்டிக்கு 2,000 ரூபாய். தேய்மானமில்லாப் பாலிசி எடுத்தவர்களுக்கு இந்தக் கழிவின் பெரும்பகுதி இல்லை.

தேவையான காகிதங்கள்: கையெழுத்திட்ட இழப்பீட்டுப் படிவம், ஆர்.சி., பாலிசி, ஓட்டியவரின் உரிமம், எஸ்டிமேட், படங்கள், பில்கள், வங்கிக் கணக்கு விவரம், வாடகை வண்டியென்றால் எஃப்.சி.யும் பெர்மிட்டும். ஓட்டியவர் பெயரை உள்ளபடி எழுதுங்கள். உரிமம் புதுப்பிக்காதவர் ஓட்டினார் என்பதை மறைக்க வேறொருவர் பெயரை எழுதினால் இழப்பீடு முழுவதுமே போய்விடும்.

11. மறுத்துவிட்டால்

மறுப்பை எழுத்தாக, எந்த விதியின் கீழ் என்ற குறிப்போடு கேளுங்கள். முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா தளத்திலோ 155255 என்ற எண்ணிலோ புகாரைப் பதியலாம். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்கும்படி இல்லாவிட்டாலோ சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளருக்கு அனுப்பலாம். அதற்குக் கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் வேண்டியதில்லை, ஆனால் நிறுவனத்தின் மறுப்பு வந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் அனுப்பிவிட வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் கெடு இரண்டு ஆண்டு. ஒரே புகாரை இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் நடத்த முடியாது.

நான் குறைதீர்ப்பாளருக்கு எழுத உட்கார்ந்தபோது என்னிடம் இருந்தவை ஒரு ரெக்கவரி பில்லும் பட்டறை எஸ்டிமேட்டும் மட்டுமே. நீர்மட்டத்துக்குப் படம் இல்லை, அன்றிரவு அழைத்ததற்குப் பதிவு எண் இல்லை. எழுதத் தொடங்கிய கடிதத்தை அனுப்பவில்லை. அடுத்த புதுப்பித்தலில் எஞ்சின் பாதுகாப்பைச் சேர்த்துக்கொண்டேன், டேஷ்போர்டில் ஸ்டியரிங்குக்கு நேரே "தண்ணீரில் நின்றால் சாவியை எடு" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.

12. வாடகைக்கு எடுத்த கேரவன் என்றால்

சொந்த வண்டி இல்லாதவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் இரண்டை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: வெள்ளச் சேதத்தில் இன்சூரன்ஸ் தராத பங்கு யாருடையது, வண்டி நின்றால் எத்தனை மணி நேரத்துக்குள் மாற்று வண்டியோ வாடகைத் தொகையோ திரும்பத் தருவார்கள். முன்பணத்திலிருந்து பிடித்துக்கொள்வோம் என்ற பொதுவான வரி இருந்தால், எவ்வளவு வரை என்ற உச்சத்தொகையை அதன் அருகிலேயே எழுதச் சொல்லுங்கள். ஓட்டுநரும் அவர்களே அனுப்புகிறவராக இருந்தால், தண்ணீரில் இறக்குவதற்கு முன் உங்களிடம் கேட்க வேண்டும் என்பதை அவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஓடும் நீரின் ஆழம் சக்கரத்தின் பாதி உயரத்துக்கு மேல் இருந்தால், அவருக்கு எவ்வளவு அனுபவம் இருந்தாலும், வண்டியைத் திருப்பச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.